வீட்டுக்குள் வரும் மலக்குழி நாற்றம்: அதன் வழியைக் கண்டு அடைப்போம்

மீளக்குடியமர்ந்த கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும்போது நாம் கேட்கும் முறைப்பாடுகளுள் ஒன்று எப்போதும் தாழ்ந்த குரலிலேயே சொல்லப்படுகிறது. கூரை ஒழுகுவதையும் சுவர் வெடித்திருப்பதையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்பவர்கள், வீட்டுக்குள் மலக்குழி மணக்கிறது என்பதை மட்டும் நாம் புறப்படும் வேளையில் படலையடியில் வைத்துத்தான் சொல்கிறார்கள். இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பவர் வீட்டிலும் இந்த நாற்றம் வரும். பெரும்பாலும் அது கட்டியவரின் குறையே தவிர, கூட்டிப் பெருக்குபவரின் குறையல்ல.

இடம்பெயருமுன் எமது கிராமங்களில் மலசலகூடம் வளவின் கோடியிலே இருந்தது. குழி மணந்தாலும் காற்று கொண்டுபோய்விடும். பின்னர் முகாம்களிலே வரிசை வரிசையாக இருந்த மலசலகூடங்களின் நாற்றத்தோடு ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தது. அங்கே யாரிடம் முறையிடுவது? இப்போது கிடைத்திருக்கும் கல்வீடுகள் பலவற்றில் மலசலகூடம் வீட்டோடு சேர்ந்தோ, குசினிக்குப் பக்கத்திலோ கட்டப்பட்டிருக்கிறது. இரவில் வெளியே போக அஞ்சும் பெண்களுக்கும் முதியோருக்கும் காலிழந்தோருக்கும் இது பெரிய ஆறுதல். ஆனால் மலக்குழிக்கும் நாம் படுத்துறங்கும் அறைக்கும் இடையிலே இப்போது இருப்பது ஒரு விரற்கடை ஆழமான தண்ணீர் மாத்திரமே. அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் இக்கட்டுரையில் முதலிற் பேசவேண்டியிருக்கிறது.

நாற்றம் வந்ததும் எம்மவர்கள் செய்வது மூன்று காரியங்கள். சாம்பிராணி போடுகிறார்கள். போத்தல் போத்தலாகப் பினைல் ஊற்றுகிறார்கள். இரண்டாலும் தீராவிட்டால் குழி நிறைந்துவிட்டது என்று முடிவுகட்டி, கடன்பட்டு இன்னொரு குழி வெட்டுகிறார்கள். சாம்பிராணியால் நாற்றம் மறையும், நிற்காது. பினைலை அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் குழிக்குள் இருந்து மலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் செத்துப்போகும். குழி விரைவில் நிறையும். புதிய குழியோ, நாற்றம் வரும் வழி பழைய இடத்திலேயே திறந்து கிடந்தால் அதே நாற்றத்தைத்தான் தரும். ஒரு வளைகுழாயின் விலையோடு முடியவேண்டிய வேலைக்குக் குழிக்காசு கொடுத்த குடும்பங்கள் உண்டு.

ஆகவே மண்வெட்டியை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்கவேண்டும். குழியிலுள்ள காற்று எந்த வழியால் வீட்டுக்குள் வருகிறது?

குழிக்குள் மலம் அழுகும்போது பல வாயுக்கள் உண்டாகின்றன. கூழ்முட்டை போல மணப்பது ஐதரசன் சல்பைட்டு. மூத்திர நெடி அமோனியாவால் வருவது. மெதேன், காபனீரொட்சைட்டு என்பவற்றுக்கு மணமில்லை. இவை உண்டாவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. குழி வேலை செய்கிறது என்பதற்கு அவை அடையாளம். அவற்றுக்கு இரண்டு கட்டளைகளை மட்டும் நாம் இடலாம். வீட்டுப் பக்கம் வராதே என்பது ஒன்று. கூரைக்கு மேலாகப் போ என்பது மற்றது. முதலாவதைச் செய்வது நீரடைப்பு. இரண்டாவதைச் செய்வது காற்றுக்குழாய். ஏறக்குறைய எல்லா நாற்றமும் இந்த இரண்டில் ஒன்று தவறியதால் வருவதே.

நீரடைப்பு

மலசலகூடப் பீங்கானின் அடியிலே அன்னத்தின் கழுத்துப் போல வளைந்த பகுதி ஒன்று இருக்கிறது. மேசன்மார் அதை ‘ட்ரப்’ என்பார்கள். தண்ணீர் ஊற்றியதும் மலம் வளைவைத் தாண்டிப் போய்விட, கடைசியாக ஊற்றிய தண்ணீரில் கொஞ்சம் வளைவிலே தங்கிவிடும். அந்தத் தண்ணீர்தான் கதவு. 1775 இல் அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்கொத்லாந்து மணிக்கூட்டுத் தொழிலாளி இலண்டனில் உரிமைப்பத்திரம் பெற்ற வளைகுழாய் முறைதான் இன்று எமது குடிசை மலசலகூடம் வரை வந்திருக்கிறது. வாளியால் தண்ணீர் ஊற்றும் பீங்கான்களில் இந்தத் தண்ணீரின் ஆழம் 20 மில்லிமீற்றர் அளவே இருக்கும். ஒன்றரை முதல் மூன்று லீற்றர் தண்ணீரில் கழுவிவிடத்தக்கதாக அதை ஆழங்குறைத்துச் செய்திருக்கிறார்கள். கிணற்றிலிருந்து தண்ணீர் சுமப்பவர்களுக்கு இது நல்லதே. ஆனால் பீங்கானைச் சிறிது சரித்துப் பதித்தாலும் கதவு திறந்துவிடும்.

இதைச் சோதிக்க ஓர் ஈர்க்குப் போதும். தண்ணீர் ஊற்றிச் சற்றுநேரம் சென்றபின் ஈர்க்கை வளைவுக்குள் விட்டு எடுத்து, நனைந்த அளவைப் பாருங்கள். அத்தோடு தண்ணீரின் மேல்மட்டம் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இரவு யாரும் பாவிக்காமல் விட்டு விடியவந்து பாருங்கள். மட்டம் கோட்டிலேயே நின்றால் வளைவில் வெடிப்பில்லை. ஒரு இரவிலே தண்ணீர் இறங்கிப் போயிருந்தால் வளைவிலே வெடிப்பு இருக்கிறது. அல்லது துணிநூலோ தலைமயிரோ வளைவின் மேலாகக் கிடந்து திரியைப் போலத் தண்ணீரை உறிஞ்சி மறுபக்கம் விட்டுக்கொண்டிருக்கிறது. நூலென்றால் கம்பியால் வளைத்து எடுத்துவிடலாம். வெடிப்பென்றால் பீங்கானைக் கிளப்பி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே சீமெந்து பூசுவது சில கிழமைகளுக்குத்தான் நிற்கும்.

தண்ணீர் இருக்கிறது, ஆனால் வாளி ஊற்றியவுடன் ‘களக் களக்’ என்று சத்தம் கேட்டு, பின்னர் வளைவில் வழக்கத்திலும் குறைவான தண்ணீரே மிஞ்சுகிறது என்றால் குறை வளைவில் இல்லை. ஓடும் தண்ணீர் தன் பின்னாலே காற்றை இழுக்கிறது. காற்று வர வேறு வழியில்லாததால் வளைவிலுள்ள தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. இதற்கு மாறாக, ஊற்றும்போது பீங்கானுக்குள் குமிழி கிளம்பி நாற்றம் வீசினால், குழிக்குள் அடைபட்ட வாயு வெளியேற இடமின்றித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருகிறது. இரண்டுக்கும் மருந்து காற்றுக்குழாய்தான். அதைப் பின்னர் பார்ப்போம்.

எமது குடும்பங்களுக்கென்றே உரிய காரணம் ஒன்றும் உண்டு. ஒரு காலில் இங்கும் மறுகாலில் அங்குமாக வாழ்கிறோம். விதைப்புக்கும் அறுவடைக்கும் சொந்தக் காணிக்குப் போய்க் கிழமைக்கணக்கில் நின்றுவிட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக மறுபடி இங்கே வருகிறோம். பூட்டிய வீட்டில், கோடை வெயிலில், இரண்டு மூன்று கிழமைகளில் அந்த ஒரு விரற்கடைத் தண்ணீர் வற்றிவிடும். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு முழுவதும் நாற்றம். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. யன்னல்களைத் திறந்துவிட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். போகுமுன்பே வளைவை நிறைத்து, அதன்மேல் ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, பீங்கான் வாயை ஈரச்சாக்கால் மூடிவிட்டுப் போவது இன்னும் நல்லது. எண்ணெய்ப் படலம் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கும்.

குளிக்கும் தண்ணீர் போகும் ஓட்டை

நாம் பார்த்த அளவில் அதிகமான வீடுகளில் குறை பீங்கானில் இருக்கவில்லை. அதற்குப் பக்கத்தில், குளிக்கும் தண்ணீர் போவதற்காகத் தரையிலே விடப்பட்ட ஓட்டையில்தான் இருந்தது. பீங்கான் தொழிற்சாலையில் வளைவோடு வருகிறது. தரை ஓட்டைக்கு வளைவு வைப்பது மேசனின் கையில் இருக்கிறது. வளைவு வாங்கவும் வேண்டும், தரையை ஓரடி ஆழமாக்கவும் வேண்டும். அவசரத்தில் கட்டுபவர் ஒரு நேர்க்குழாயைத் தரையிலிருந்து குழிக்குக் கொண்டுபோய்ச் செருகி, மேலே தட்டு ஒன்றைப் பதித்துவிட்டுப் போய்விடுகிறார். தட்டைப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். உண்மையில் மலக்குழியின் வாய் அந்த வீட்டுக்குள் திறந்து கிடக்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. தட்டைக் கழற்றி ஒரு ‘டோர்ச்’ வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். தண்ணீர் மினுங்கினால் வளைவு இருக்கிறது. தண்ணீர் தெரியாமல் இருள் மட்டும் தெரிந்தால் வளைவு இல்லை, அல்லது வற்றிவிட்டது. ஒரு பேணி தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் தேங்காவிட்டால் ஐயமில்லை. கோழியின் மெல்லிய இறகு ஒன்றை நூலிலே கட்டி ஓட்டைக்கு மேலே பிடித்தால், காற்று மேலே வருகிறதா கீழே போகிறதா என்பதையும் காட்டும். தீக்குச்சியோ விளக்கோ கொண்டு பார்க்கவேண்டாம். மெதேன் தீப்பற்றும்.

எந்த ஓட்டை என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கலாம். பொலித்தீன் பையில் ஈரமணலை நிரப்பிக் கட்டித் தரை ஓட்டையின்மேல் வைத்து, ஓரிரவு விடுங்கள். மறுநாள் பையை எடுத்துவிட்டுப் பீங்கானை அதேபோல அடையுங்கள். எந்த இரவில் நாற்றம் நின்றதோ அங்கேதான் வழி. இரண்டையும் மூடியும் நாற்றம் வந்தால், சுவரடியிற் குழாய் வெளியேறும் இடத்தையும் குழி மூடியையும் பார்க்கவேண்டும். நாற்றம் எப்போது வருகிறது என்பதையும் வீட்டிலுள்ள பெண்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஆண்களை விட அவர்களே இதைச் சரியாகச் சொல்வார்கள். சமைக்கும் நேரத்தில் மட்டும் வருகிறது என்று ஒரு தாய் சொன்னால் அது வீண்பேச்சல்ல. அடுப்பின் சூடான காற்று புகைபோக்கியால் மேலேறும்போது, கதவு யன்னல் மூடியிருந்தால் அந்த இடத்தை நிரப்ப வீடு வேறெங்கிருந்தாவது காற்றை இழுக்கும். வளைவில்லாத தரை ஓட்டை அதற்கு வசதியான வழி.

திருத்துவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, குழாய் வெளிச்சுவரைத் தாண்டும் இடத்தில் நிலத்தைத் தோண்டி, குழாயை அறுத்து, வளைவு ஒன்றை இடையிலே பொருத்துவது. தரையை உடைக்கத் தேவையில்லை. ஒரு நாள் வேலை. மற்றது, நாம் விரும்புவது: குளிக்கும் தண்ணீரை மலக்குழியிலிருந்து முற்றாகப் பிரித்துவிடுவது. குழிக்குப் போகும் வாயைச் சீமெந்தால் அடைத்து, குழாயைத் திருப்பி, கிணற்றுக்கு எதிர்ப்புறமாக ஒரு வாழைப் பாத்திக்கு விடுங்கள். பாத்தியில் உக்கலும் கல்லும் போட்டால் தண்ணீர் தேங்காது. சவர்க்காரத் தண்ணீருக்கு வாழை அஞ்சாது. குழிக்குப் போகும் தண்ணீர் பெருமளவு குறைவதால் குழியும் மாரியில் முட்டாது. கோடையில் ஒரு குலை வாழைக்காயும் கிடைக்கும். ஒரேயொரு நிபந்தனை: பாத்தியில் தண்ணீர் மேலே தெரியும்படி நிற்கக்கூடாது. நின்றால் நுளம்பு பெருகும், அதுவே மணக்கவும் தொடங்கும்.

கஞ்சி வடித்த தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் ஓடும் குசினிக் கானும் இதே கூழ்முட்டை மணத்தைத் தரும். மலக்குழியைக் குற்றஞ்சாட்டுமுன் கானைக் கிளறிப் பார்ப்பது நல்லது.

காற்றுக்குழாய்

குழியிலிருந்து கிளம்பும் குழாய் கூரையோரத்துக்கு மேலே குறைந்தது இரண்டடியாவது நிற்கவேண்டும். பல வீடுகளில் அது தலை உயரத்தோடு நின்றுவிடுகிறது. சிலவற்றில் தாழ்வாரத்துக்குள்ளேயே முடிகிறது. அப்படியானால் சோளகக் காற்று வீசும் மாதங்களில் நாற்றம் ஒரு யன்னலாலும், வாடைக்காற்று வீசும் மாதங்களில் மறு யன்னலாலும் உள்ளே வரும். இதனால்தான் சிலர் இந்த நாற்றம் ஆனியில் வரும், மார்கழியில் வராது என்கிறார்கள். குழி அதேதான், மாறியது காற்று. வைகறையில் காற்று அடங்கி, குளிர்ந்த காற்று நிலத்தோடு படிந்து கிடக்கும்போது குழாயின் நாற்றமும் மேலே எழும்பாது. விடியற்காலையில் மட்டும் மணப்பதற்கு இது காரணமாக இருக்கலாம். குழாயை நீட்டினால் இரண்டும் தீரும். நீட்டிய குழாயைக் கூரைமரத்தோடு கட்டிவிடுங்கள்.

குழாயின் வாயில் நுளம்பு வலைத்துண்டு கட்டாயம் இருக்கவேண்டும். மலக்குழித் தண்ணீரில் பெருகும் நுளம்பு வெளியேறும் பாதை அது. சாதாரண நைலோன் வலை வெயிலில் நொறுங்கிப் போகும், ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். கறுக்காத கம்பிவலை கிடைத்தால் நல்லது. வலை தூசியால் அடைந்து போனாலும், குளவி கூடு கட்டினாலும் குழாய் இருந்தும் இல்லாதது போலத்தான்.

இன்னும் தற்காலிகக் கொட்டில்களில், தண்ணீர் ஊற்றாத நேர்க்குழி மலசலகூடத்தோடு இருப்பவர்களுக்குக் காற்றுக்குழாய் இன்னும் முக்கியமானது. அவர்களுக்கு நீரடைப்பு என்ற கதவே கிடையாது. 1970களில் அக்காலத்து றொடீசியாவில், அதாவது இன்றைய சிம்பாப்வேயில், பிளெயர் ஆய்வுகூடத்தில் பீற்றர் மோர்கன் என்பவர் இதற்கொரு வழி கண்டார். நான்கு முதல் ஆறங்குலக் குழாய் ஒன்றைக் குழியிலிருந்து கூரைக்கு மேலே கொண்டுபோய், வாயில் வலை கட்டி, கொட்டிலின் உட்புறத்தை இருட்டாக வைத்தார். குழாயின் உச்சியைத் தழுவிப் போகும் காற்று குழியின் காற்றை மேலே இழுக்கிறது. கொட்டிலின் வாசல் வழியாகப் புதிய காற்று குழிக்குள் இறங்குகிறது. ஆகவே நாற்றம் கொட்டிலுக்குள் வருவதில்லை. குழிக்குள் இருக்கும் இலையான்கள் வெளிச்சம் தெரியும் குழாயை நோக்கிப் போய் வலையிலே முட்டிச் சாகின்றன. இம்முறையில் குழித்துவாரத்தை இறுக்கி மூடக்கூடாது. மூடினால் காற்றோட்டம் நின்றுவிடும். வாசல் காற்று வரும் பக்கம் பார்த்திருக்கவேண்டும்.

குழி நிறைந்திருந்தால்

மேற்கூறியவை எல்லாம் சரியாயிருந்தும், ஊற்றும் தண்ணீர் மெதுவாக இறங்கினால், பீங்கானில் ஏறி நின்றால், குழியைப் பற்றி யோசிக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரால் கழுவும் குடும்பத்தில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 40 லீற்றர் கசடு சேரும். ஐந்து பேருக்கு 200 லீற்றர். மூன்றடி விட்டமான கொங்கிறீற் வளையங்களால் ஆன குழியில், குழாய் வாய்க்குக் கீழே நான்கடி இருந்தால், கொள்ளளவு 800 லீற்றரளவு. அது நிறைய நான்கு ஆண்டுகளாவது செல்லும். ஆறு மாதத்தில் நிறைந்தது என்றால் அது மலமல்ல, தண்ணீர். ஒன்றில் குளிக்கும் தண்ணீர் போகிறது, அல்லது மண் உறிஞ்சவில்லை, அல்லது மாரியில் நிலத்தடி நீர் ஏறிக் குழிக்குள் வந்துவிட்டது. மாரியில் ஏறிய நீரை இறைத்து முடியாது. இறைத்தால் மறுநாளே ஏறும். சுற்றியுள்ள மண் ஈரத்தில் நெகிழ்ந்து வளையங்கள் சரியவும் கூடும். தை கழியும்வரை குழிக்குப் போகும் தண்ணீரைக் குறைத்துச் சமாளித்து, நிலம் காய்ந்தபின் வேலை செய்யுங்கள்.

உண்மையில் நிறைந்திருந்தால் பிரதேச சபையின் கழிவகற்றும் பவுசருக்குப் பதியலாம். பவுசர் வராத ஒழுங்கைகளில் இரட்டைக் குழி முறை பொருத்தமானது. முதற் குழி நிறைந்ததும் அதை மண்ணிட்டு மூடி, குழாயை இரண்டாவது குழிக்குத் திருப்பிவிடவேண்டும். மூடிய குழியை இரண்டு ஆண்டுகள் தொடக்கூடாது. நோய்க்கிருமிகளுள் நெடுங்காலம் உயிரோடிருப்பது வட்டப்புழுவின் முட்டை. அதுவும் சாவதற்குத்தான் இந்தத் தவணை. அதன்பின் உள்ளே இருப்பது மணமற்ற மண். தென்னைக்கும் வாழைக்கும் போடலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கும் மரக்கறிக்கும் வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். குழிக்குள் எவரும் இறங்கக்கூடாது. ஐதரசன் சல்பைட்டு மிகச் சிறிய அளவில் இருக்கும்போது மூக்கு உடனே கண்டுபிடித்துவிடும். பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு என்ற அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று மனிதன் நினைப்பான். அளவு இன்னும் ஏறினால் மயங்கி விழுவான். இந்த வாயு காற்றிலும் பாரமானது. குழியின் அடியிலே தங்கி நிற்கும். இறங்கியவர் விழ, தூக்கப் போன சகோதரனும் விழ, ஒரே வீட்டில் இரண்டு மூன்று உயிர்கள் போன செய்திகள் எமது நாட்டிலும் இந்தியாவிலும் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. விழுந்தவரைக் காக்க இறங்காதீர்கள். கயிறு போடுங்கள், ஆட்களைக் கூப்பிடுங்கள். மூடியைத் திறப்பதானால் பகலில், காற்று வரும் பக்கமாக நின்று, பிள்ளைகளையும் பீடி சுருட்டையும் தூர வைத்துவிட்டுத் திறந்து, நெடுநேரம் விடுங்கள். ‘அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், கூலிக்கு இறங்குவார்கள்’ என்று சொல்வதையும் நாம் கேட்கிறோம். வாளி மலசலகூடங்கள் இருந்த காலத்தில் எமது பட்டினங்களின் மலத்தை ஒரு சமூகத்தாரின் தலையிலே ஏற்றி, அதற்காகவே அவர்களை விலக்கியும் வைத்தோம். முகாமிலே எல்லோரும் ஒரே வரிசையில் வாளியோடு நின்ற பிறகும் அந்தப் பேச்சு மிஞ்சியிருப்பது கவலைக்குரியது. நாம் இறங்க அஞ்சும் குழிக்குள் காசு கொடுத்து இன்னொருவரை இறக்குவது எந்த வகையிலும் சரியல்ல.

மணக்காத குழியும் கிணறும்

இதுவரை நாற்றத்தைப் பற்றிச் சொன்னோம். குழி மணக்கவில்லை, ஒருபோதும் நிறைவதுமில்லை என்று பெருமையோடு சொல்பவர்களும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து அப்படிச் சொன்னால் எமக்கு மகிழ்ச்சி வருவதில்லை. அங்கே நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைய உண்டு. குழியின் அடி ஒரு வெடிப்பைத் தொட்டுவிட்டால் ஊற்றியதெல்லாம் போய்விடும். எங்கே போகிறது? ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லாத அந்த மண்ணில், குடிக்கும் தண்ணீரும் தோட்டத்துத் தண்ணீரும் தங்கியிருக்கும் அதே கல்லுக்குள்தான் போகிறது.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 30 மீற்றர், அதாவது ஏறக்குறைய 100 அடி இருக்கவேண்டும், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருக்கவேண்டும் என்பது இடம்பெயர்ந்தோருக்கான வேலைகளில் உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு. மணலும் களியும் உள்ள வன்னிப் பக்கத்தில் இது பெரும்பாலும் போதும். சுண்ணாம்புக்கல்லில் தூரம் மட்டும் காப்பாற்றாது. வெடிப்பு எந்தத் திசையில் போகிறதென்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. அங்கே அடியும் பக்கமும் சீமெந்தால் அடைத்த தொட்டி கட்டி, அதிலிருந்து வழியும் நீரை மாத்திரம் மணலிட்ட ஆழமற்ற பாத்தியில் விடுவதே ஏற்றது. செலவு கூடத்தான். ஆனால் இரண்டு பரப்பு, மூன்று பரப்புத் துண்டுகளில் நெருங்கி வீடு கட்டும்போது உங்கள் குழி அயலவரின் கிணற்றுக்குத்தான் அருகில் இருக்கும். அவருடையது உங்களுடையதற்கு.

கிணற்றில் கலப்பது இரண்டு வகை. கிருமிகள் ஒன்று. 2009 இல் வவுனியா முகாம்களில் செங்கண்மாரி பரவியதை எமது குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. கிருமிகளைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். மற்றது நைத்திரேற்று. மலக்குழியிலிருந்தும் தோட்டத்துக்கு அள்ளிப்போடும் யூரியாவிலிருந்தும் இது வருகிறது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. குடாநாட்டுத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்கவைத்தால் போகாது; தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடும். பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்குத்தான் பெரிய ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலு குன்றி உடல் நீலம் பாரிக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பது இங்கே இரட்டிப்புப் பாதுகாப்பு. கிணற்று நீரைச் சோதிப்பதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

தம் சொந்தக் காணிக்குத் திரும்புவோருக்கு இன்னும் சில வார்த்தைகள். பற்றை மண்டிய வளவிலே பழைய மலக்குழி எங்கோ கிடக்கும். மூடி உக்கி, மேலே இலைகுழை படிந்து, மாடோ பிள்ளையோ கால் வைத்தால் உள்ளே போகக்கூடிய நிலையில் இருக்கும். வீட்டுப் பக்கத்தில் காரணம் தெரியாத நாற்றம் மழைக்குப் பின் வந்தால் அதையும் தேடிப் பாருங்கள். ஆனால் கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத இடத்தில் அலவாங்கால் குத்தித் தேடவேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். கண்டெடுத்த பழைய குழியை மண்ணும் கல்லும் இட்டு நிரப்பி விடுங்கள். தூர்ந்துபோன பழைய கிணற்றைப் புதிய மலக்குழியாக்கும் எண்ணம் சிலருக்கு வருகிறது. வெட்டும் செலவு மிச்சம் என்கிறார்கள். நிலத்தடி நீருக்குள் நேராக மலத்தை விடுவதற்கு அதைவிடக் குறுக்கு வழி கிடையாது. அயலிலே யாராவது செய்ய முற்பட்டால் இதைச் சொல்லித் தடுங்கள்.

புதிதாகக் கட்டும் குழியின் மூடியை மேலே வரிசையாகச் சீமெந்து பூசி இறுக்காமல், ஓரங்களைச் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தால் அடையுங்கள். வாயு வெளியே வராது. திறக்கவேண்டிய நாளில் உடையாமல் கிளப்பவும் முடியும். மூடியின் நடுப்பகுதி வீட்டுச் சுவரின் இரண்டு மூலைகளிலிருந்தும் எத்தனை அடி என்று அளந்து, ஒரு தாளில் வரைந்து, காணி உறுதியின் பிரதியோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.